பொதுச் சுவரின் சன்னல்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, மேடையேறத் தயங்கி நின்ற என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சத்தியமூர்த்தி ஐயா அவர்களே, களவு போன வீட்டைக் கல் கல்லாகத் துருவிப் பார்த்த காவல்துறை நண்பர்களே, வயதாலும் வாய்மையாலும் மூத்த ஊர்ப் பெரியவர்களே, பின்தெருவிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் உபகாரசாமி அண்ணன் அவர்களே, அவர்தம் துணைவியார் யூஜினியா டீச்சர் அவர்களே, என்னோடு சேர்ந்து தலைகுனிய வேண்டிய என் பங்காளிகளே, அடுப்பையும் அலுவலையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களின் நடுவில், தூணோரம், என் முகத்தைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் நாகம்மை ஆச்சி அவர்களே, அனைவருக்கும் அழகுசுந்தரத்தின் பணிவான வணக்கம்.

அழைப்பிதழிலே எனக்கு அழகான தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். 'இல்லப் பாதுகாப்பில் நவீன மின்னணுக் கருவிகள்.' கருவிகளைப் பற்றிப் பேசக் கடையிலிருந்து ஆள் வரும். நான் பேச வந்தது ஒரு சன்னலைப் பற்றி. எங்கள் வீட்டுச் சன்னல். பூசி மெழுகிப் பேச எனக்குத் தெரியும், ஐயா. இன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டை அறியாதவர்கள் சிலர் இங்கே இருக்கலாம். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு. பத்துக் குடும்பத்துக்குப் பங்கு. ஆளுக்கோர் அறை, அறைக்கோர் பூட்டு. முற்றமும், சாமான் அறையும், கடைசிக் கட்டுச் சமையற்கூடமும், பின்சுவரும் பொது. சென்னையில் இருப்பவர் சிலர், கோவையில் சிலர், கடல் கடந்து சிலர், மதுரையில் நான். ஆண்டு முழுதும் அங்கே விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கி, எங்கள் எல்லோருக்கும் சேர்த்து வாழ்ந்தவர் ஒரே ஒருவர். என் பெரியப்பா மகனின் மனைவி, நாகம்மை ஆச்சி. ஒரு பங்கு அவர்களுடையது, மற்ற ஒன்பது பங்கு எங்களுடையது. அண்ணன் மறைந்த பிறகும் அந்த வீட்டை விட்டு அவர்கள் போகவில்லை.

சமையற்கூடத்துச் சன்னல் கரையான் அரித்தது. கம்பி இரும்புதான், கனமான இரும்புதான். ஆனால் அந்தக் கம்பியைத் தாங்கிய மரச் சட்டம்? விரலால் அழுத்தினால் உதிரும் மாவாகி விட்டது. நாங்கள் படைப்புக்குக் கூடும்போதெல்லாம், முன்னோரைக் கும்பிட்டு இலை போடுவதற்கு முன்னால், ஆச்சி வந்து நின்று சொன்னார்கள்.

"பின்னாடி சன்னலு ஆடுதுய்யா. ஒரு வார்த்தை சரின்னு சொன்னீகன்னா நானே ஆளை விட்டு மாத்திப்புடுவேன்."

ஒரு வார்த்தை. கேட்டது ஒரே ஒரு வார்த்தை. கொடுத்தோமா? பொதுச் சுவரிலே ஆணி அடிக்க மற்ற ஒன்பது பேரும் ஒப்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒருவர் சொன்னார், புதுக் கிரில் போட்டால் வீட்டின் பழமை கெடும் என்று. என் தம்பி முறை பெத்தாச்சி சொன்னார், "இன்னைக்குச் சன்னலு மாத்துனவுக, நாளைக்குச் செவரு எங்குளுதும்பாக." இன்னொருவர் அடுத்த படைப்புக்குப் பார்ப்போம் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாம்பார் ஆறுகிறது என்று சொல்லி இலையில் உட்கார்ந்தேன்.

சன்னலுக்குச் சம்மதம் தராத நாங்கள், கேமராவுக்கு மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் சம்மதித்தோம். ஏன்? பாதுகாப்புக்கா? கேமரா மாட்ட வந்தவர், எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று கேட்டார். பின்சன்னலைப் பார்க்கட்டும் என்று யாராவது சொன்னோமா? ஒருவர் பெத்தாச்சியின் அறையைக் காட்டினார். பெத்தாச்சி என் அறையைக் காட்டினார். நான் பொதுச் சாமான் அறையைக் காட்டினேன். கள்வனைப் பார்க்க வாங்கிய கண்களை எல்லாம் பங்காளியைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். சைரன் ஒன்றும் இருந்தது. பூனைக்கும் புறாவுக்கும் கத்துகிறது என்று அதன் வாயை அடைத்தோம். அசைவு தெரிந்தால் ஒன்பது பேர் கைபேசிக்கும் செய்தி வரும், அது போதும் என்றோம்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் தம்பி, தவறில்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் கேமரா எதைப் பார்க்கிறது என்று மட்டும் பாருங்கள்.

போன மாதம் காரைக்குடியில் எங்கள் உறவில் ஒரு திருமணம். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தோம். காய்ச்சல் என்று ஆச்சி மட்டும் வரவில்லை. நண்பகல். ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். பாயசம் வருகிறது. அப்போது எங்கள் சட்டைப் பைகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. எடுத்துப் பார்த்தோம். சாமான் அறைக் கதவு திறந்திருக்கிறது, ஒரு நிழல் ஆடுகிறது.

அந்த நொடியில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? காவல் நிலையத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பின்தெருவில் டீச்சரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நாங்கள் செய்தது என்ன தெரியுமா, தாய்மார்களே? வரிசையைத் திரும்பிப் பார்த்தோம். இந்தப் பந்தியில் யார் இல்லை என்று பார்த்தோம்.

பெத்தாச்சி சொன்னார், "நம்ம யாரும் இல்லாத நேரமாப் பாத்து ஆச்சி சாமான் ரூமைத் தொறக்குறாக. காய்ச்சலாம்ல."

நான் தலையாட்டினேன். ஒன்பது கைபேசிகளும் பைக்குள் போயின. சற்று நேரத்தில் என்னுடையது மட்டும் மறுபடி அதிர்ந்தது. ஆச்சியின் பெயர். காரணம் சொல்லக் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, இலைக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தேன். இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக் குடித்தேன். சொல்லவே நாக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அதே நேரத்தில் அங்கே நடந்தது இது. சட்டத்தோடு சன்னலைப் பெயர்த்துக்கொண்டு இருவர் உள்ளே வந்திருக்கிறார்கள். கம்பியை அறுக்கவில்லை, வளைக்கவில்லை. உளுத்த மரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆச்சி படுத்திருந்த அறையை வெளியே தாழிட்டார்கள். உள்ளே காய்ச்சலோடு அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், கத்துகிறார்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரல் பெயர்ந்த சன்னல் வழியாகப் பின்தெருவுக்குப் போனது. யூஜினியா டீச்சர் ஆள் திரட்டிக்கொண்டு ஓடி வந்தார். திருடர்கள் கையில் கிடைத்த வெள்ளியோடு ஓடிவிட்டார்கள். கேமரா வைத்திருந்த ஒன்பது பேருக்குத் தெரியவில்லை. கேமராவே இல்லாத டீச்சருக்குத் தெரிந்தது.

இருங்கள், வெட்கப்பட இன்னும் இருக்கிறது.

டீச்சர் தகவல் சொல்லி நாங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினோம். முற்றத்தில் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஒன்பது பேரும் எங்கே போனோம்? அவரவர் அறைக்குப் போனோம். அவரவர் பூட்டை இழுத்துப் பார்த்தோம். நானும்தான். என் பூட்டு பத்திரமாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பினேன். ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரு பூட்டும் நல்லா இருக்கா தம்பி? பாத்துக்கிட்டீகளா?" என்று கேட்டார்கள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அக்கறையாகக் கேட்டார்கள், ஐயா. அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று முதல் நாள்தோறும் கூப்பிடுகிறேன். அன்று அவர்கள் அழைத்ததை நான் எடுக்கவில்லை, இன்று நான் அழைப்பதை அவர்கள் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு குறை சொல்வேன்?

பிறகு எங்களுக்குப் புத்தி வந்தது. பின்சன்னல்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். உளுத்த சட்டத்தை எடுத்துவிட்டுத் தேக்குச் சட்டம். கிரில்லை மரத்தில் திருகாமல், சுவருக்குள் ஆழமாக நீண்ட போல்ட்டு இறக்கி, வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி தலையைப் பற்றவைத்தோம். கண்ணாடி நொறுங்கி விழாதிருக்க உட்பக்கம் பிலிம் ஒட்டினோம். நெருப்பு என்றால் உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டுமே? அதற்காக ஒரு கிரில்லுக்கு மட்டும் கீல் வைத்து உட்பூட்டு. இவ்வளவும் முடிந்த பின்னர்தான் சன்னலில் சென்சார். கேமராக்களை முற்றத்தை விட்டு மதிலுக்குத் திருப்பினோம். சைரனின் வாயைத் திறந்துவிட்டோம். சன்னல் வலுவாக இருந்தால் திருடன் திணறுவான். அவன் திணறுகிற நேரத்தில்தான் சைரன் கத்துவதற்குப் பயன் உண்டு. மாவாகிப்போன மரத்துக்கு மேலே மின்னணுக் கண்ணை மாட்டினால், களவைப் படம் பிடிக்கலாம், தடுக்க முடியாது.

இதற்கு ஒன்பது பேரின் சம்மதம் எவ்வளவு நேரத்தில் கிடைத்தது தெரியுமா? ஒரே காலைப்பொழுதில். கடல் கடந்தவரும் சரி என்றார், பழமை பேசியவரும் சரி என்றார், பெத்தாச்சி முதல் ஆளாகச் சரி என்றார். இவ்வளவு எளிதா அந்த ஒரு வார்த்தை? இதற்கா ஒரு பெண் ஒவ்வொரு படைப்பிலும் எங்கள் முன்னால் வந்து நின்றார்?

நண்பர்களே, எங்கள் வீட்டில் உளுத்தது மரம் மட்டும் இல்லை. செய்தி வந்ததும், உள்ளே இருப்பவர் என்ன ஆனார் என்று கேட்கத் தோன்றாமல், உள்ளே இருப்பவர் என்ன எடுக்கிறார் என்று கேட்கத் தோன்றியதே, அதை எந்தப் போல்ட்டு போட்டு முடுக்குவது? இனி எங்கள் வீட்டில் ஒரே விதிதான். மணி அடித்தால் முதல் அழைப்பு வீட்டில் இருப்பவருக்கு. முதல் கேள்வி, நல்லா இருக்கீகளா. மற்றதெல்லாம் பிறகு.

இன்று ஆச்சியை இங்கே அழைத்து வந்தது நாங்கள் இல்லை, யூஜினியா டீச்சர். அவை நாகரிகம் இல்லை என்று தெரியும், தலைவர் பொறுத்தருள வேண்டும். இந்த மேடையிலிருந்து ஒரு போன் செய்யப்போகிறேன்.

மணி அடிக்கிறது. தூணோரம் கேட்கிறது, திரும்பிப் பார்க்காதீர்கள், தாய்மார்களே. அவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள். இன்னும் அடிக்கிறது.

ஆச்சி, அழகுசுந்தரம் பேசுறேன். நல்லா இருக்கீகளா?

மைக்கில் பிடிக்கிறேன், எல்லோரும் கேட்கட்டும்.

"காய்ச்சலு விட்டுப்போச்சு, தம்பி. அந்தச் சன்னலுக்கு உள்பூட்டுன்னீகளே, சாவி யாருகிட்ட இருக்கு?"

எங்கிட்டதான் இருக்கு, ஆச்சி.

"எங்கிட்டக் குடுங்க. உள்ள இருக்கவ கையில இருக்கணும். நாளைக்கு வந்து தொறந்து பாக்குறேன். அங்குட்டுத் திரும்ப வந்து இருக்குறதப் பத்தி அப்புறமாச் சொல்லுறேன்."

தலைவர் அவர்களே, தாய்மார்களே, என் வெட்கத்தைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்த பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன். இன்னும் பேச நேரம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு வேண்டாம். இறங்கிப் போய்ச் சாவியைக் கொடுக்க வேண்டும். வணக்கம்.