வேல்ராஜ் தூங்கவில்லை

என் பெயர் இசக்கிதுரை, தகப்பனார் பெயர் சொரிமுத்து, வயது நாற்பத்தேழு, தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் குடியிருக்கிறேன். அம்பர்நாத்தில் ஒரு ரசாயன ஆலையின் ஹைட்ரஜன் பிரிவில் பதினான்கு வருடமாக ஆபரேட்டர் வேலை பார்க்கிறேன். இறந்துபோன வேல்ராஜ், வயது இருபத்தொன்பது, என் மனைவி மாரிசெல்வியின் தம்பி. அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்.

ஹைட்ரஜன் லேசானது, கசிந்தால் கூரைக்குப் போய்விடும். அதனால் அலாரம் அடித்தால் தரையோடு ஊர்ந்து வெளியே வருவது எங்கள் பிரிவில் பழக்கம். வேல்ராஜுக்கும் அதை நானே சொல்லிக்கொடுத்து, பலமுறை செய்துகாட்டச் சொல்லியும் பார்த்தேன். அதன் பிறகு இந்த வருடம், ஹைட்ரஜன் தயாரிக்கும்போது புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயுவைப் பிடித்து டேங்கில் அடைக்கும் புதிய பிரிவை ஆரம்பித்து, காற்றைக் கெடுக்காத ஆலை என்று வாசலில் பலகையும் வைத்தார்கள். அதற்கான பாதுகாப்பு வகுப்பன்று நான் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு என்ன வகுப்பு என்று கேன்டீனுக்குப் போய்விட்டேன். கரியமில வாயு கனமானது, தரையில்தான் தேங்கும் என்று அங்கே சொன்னார்களாம். வேல்ராஜை அந்தப் பிரிவுக்கு மாற்றியது வகுப்பெல்லாம் முடிந்த பிறகு.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியளவில் அங்கே குழாய் இணைப்பு விட்டு அலாரம் அடித்தது. அதன் பிறகு நான் ஓடிப்போய் வாசலில் நின்றபோது, அவன் கூட வேலை பார்க்கும் நகுல் வெளியே வந்துவிட்டார். வேல்ராஜும் அவர் பின்னால் நிமிர்ந்தபடிதான் ஓடிவந்தான். நான், "மாப்ள, குனி! தரையோட வா!" என்று கத்தினேன். "சரி அத்தான்" என்று சொல்லி உடனே படுத்து ஊர்ந்தான். வாசலுக்குப் பத்தடி இருந்தது. அதன் பிறகு அவன் அசையவில்லை. உள்ளே போகப் பார்த்த என்னை நகுல் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார்.

வேலை நேரத்தில் அவன் தரையில் படுத்துத் தூங்கியதாக ஆலை அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அது பொய். அதைக் கேட்டு மாரிசெல்வி, "தூக்கத்துலயே போயிட்டாம்லா? அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்லா?" என்று என்னிடம் கேட்டாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாக அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுகிறாள்.

மராத்தி எனக்கு வாசிக்க வராததால் போலீஸ் ஸ்டேஷனில் இதைத் தமிழில் எழுதிக்கொண்டார்கள். இதில் நான் கூட்டியதோ மறைத்ததோ எதுவுமில்லை. கையெழுத்துக்கு முன் முழுவதையும் சத்தமாக வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். மாரிசெல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்)
சொ. இசக்கிதுரை