நெக்கார் நதிக்கரையும் நமது நுழைவாயிலும்

விழாவுக்குத் தலைமை தாங்கி, 'இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்' என்று அன்போடு எழுதி என் கையில் திணித்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே! அந்தச் சீட்டைத் தம் கைப்படக் கொண்டுவந்து தந்த செயலாளர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பெருமக்களே! வியாழன் மாலையின் வாகன நெரிசலில் இரண்டு மணி நேரம் வாடி வந்திருக்கும் தாய்மாரே! யாழ் மண்ணிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து எங்கள் தமிழோடு தம் தமிழைக் கலந்து தந்த உறவுகளே! ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் துபாயிலும் உழைத்துக் களைத்து, ஆனாலும் செவி சாய்க்க வந்த தோழர்களே! உங்கள் அனைவர்க்கும் என் வணக்கம்.

'ஜெர்மானிய அன்றாட வாழ்வின் இன்பங்கள்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். பொதுக்குழு தொடங்குமுன் விஜயபாஸ்கர் நாலு கதை சொல்வான், கூட்டம் சிரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் என்பது உங்கள் திட்டம். சிரிப்புக்குக் கதை கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் சினமும் கொண்டுவந்திருக்கிறேன். 'சினத்தை வீட்டிலே விட்டுவிட்டு வாருங்கள்' என்றார் செயலாளர். ஐயா, வீட்டில் ஏற்கெனவே என் மனைவி அகிலாவின் சினம் குடியிருக்கிறது. என்னுடையதை வைக்க அங்கே இடமில்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரம் சிரிக்கலாம்.

சென்ற ஆண்டு ஜூலை மாதம், நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் புட்டி ஆலைக்குப் புதிய இயந்திரம் வாங்கினார்கள். அதைக் கழற்றவும் பூட்டவும் கற்றுவர இரண்டு பேரை எட்டு வாரம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஒருவன் நான், பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளன். இன்னொருவர் அழகுமலை, ஃபிட்டர். முதுகுளத்தூர்ப் பக்கம். பதினான்கு ஆண்டுகளாக ஷார்ஜாவின் சஜா தொழிற்பேட்டையில், தொழிலாளர் கேம்பில், ஓர் அறைக்கு எட்டுக் கட்டில், அதில் மேல்கட்டில் அவருடையது. இயந்திரத்தின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்.

நெக்கார் என்று ஓர் ஆறு. அதன் கரையில் ஒரு சிற்றூர். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் டீட்டர் என்ற நெட்டையான மனிதர். முதல் நாள் மாலை நான்கு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் கை கழுவினார்கள். அழகுமலை மட்டும் குனிந்த தலை நிமிராமல் மரையைத் திருகிக்கொண்டே இருந்தார். டீட்டர் வந்தார், ஸ்பானரை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கினார், "ஃபையராபெண்ட்!" என்றார்.

அழகுமலை மிரண்டு போனார். "என்ன சார், ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா? வேலைய விட்டுத் தூக்கிட்டாரா?"

நான் விசாரித்துச் சொன்னேன். வேலை முடிந்தபின் வருகிற மாலைப்பொழுதுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பொழுதுக்கே பெயர் வைத்து, வாழ்த்துப் போல ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது முதலாளியின் நேரமன்று. ஆலையின் நேரமன்று. அவரவர் நேரம்!

"அப்ப நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார் அழகுமலை. தாய்மாரே, பதினான்கு ஆண்டு உழைத்த மனிதர், மாலை நான்கு மணிக்கு வெயிலில் நின்றுகொண்டு, 'நான் இப்போது என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டார்!

அதன்பின் கற்றுக்கொண்டார். ஆற்றங்கரையில் நடந்தார். காலையில் ரொட்டிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொன்னார். மேலே எள்ளும் பூசணி விதையும் தூவிய சூடான ரொட்டியைக் கையில் வாங்கி, "நம்ம எண்ணெய் மிளகாப்பொடி மட்டும் இருந்தா!" என்று ஏங்கினார். கடையிலே காலிப் புட்டியை வாங்கிக்கொண்டு காசு தருகிற இயந்திரத்தைக் கண்டு, புட்டி ஆலைக்காரரான அவர், சொந்தக்காரரைக் கண்டதுபோல் நின்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து. துணி உலர்த்தக் கயிறு கட்ட வேண்டும் என்று, வீட்டுச் சுவரில் ட்ரில்லை வைத்து ஓட்டிவிட்டார். அடுத்த வீட்டு அம்மையார் படியேறி வந்து பொரிந்து தள்ளினார். ஒரு சொல்லும் புரியவில்லை. "சார், போலீசு வருமா? பாஸ்போர்ட்ட எடுத்து வச்சுக்கவா?" என்று நடுங்கினார். போலீசு வரவில்லை. மாலை மூன்று மணிக்கு அதே அம்மையார், பிளம் பழத் துண்டுகள் பதித்த கேக்கோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ட்ரில் ஓட்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காப்பி குடிக்க வேண்டும், இரண்டும் இந்த ஊரின் கண்டிப்பு என்று சைகையில் சொன்னார். அதற்கடுத்த ஏழு ஞாயிறும் எங்கள் காப்பி அவர் வீட்டில்தான்.

அந்த எட்டு வாரத்தில் எப்போது என்று தெரியாமல் 'சார்' என்பது 'அண்ணே' ஆகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு தேடி நான்கு கடை அலைந்து ரசம் வைத்துக் கொடுத்தவர் அவர்.

ஒருநாள் ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போனோம். குடும்பங்கள், தனி ஆட்கள், கிழவர், குமரிகள், எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். ஆலையின் முதலாளியே அரைக்கால் சட்டையோடு படுத்திருந்தார்; பக்கத்துத் துண்டில் அவரிடம் வேலை செய்யும் வெல்டர். அழகுமலை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, வாட்ச்மேனக் காணோமே? யாரு உள்ள வரலாம், யாரு வரக்கூடாதுன்னு போர்டு எங்க?"

"போர்டு இல்லை, அழகுமலை."

"அப்ப நான் உக்காரலாமா?"

பெரியோர்களே! ஒரு மனிதன் புல்லில் உட்காருவதற்கு அனுமதி கேட்கிறான் என்றால், அவனை அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் யார்? யார்?

அவசரப்பட்டு ஜெர்மனியைச் சொர்க்கம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எங்களோடு புல்லில் உட்கார்ந்த ஹசன், துருக்கிக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் வந்த புதிதில் எங்களுக்கு விருந்தாளித் தொழிலாளி என்று பெயர். விருந்தாளி எப்போது கிளம்புவான் என்றுதானே வீட்டுக்காரன் பார்ப்பான்? இந்தப் புல்லில் நாங்கள் வந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அடுத்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தோம். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தோம். பிறகு அவர்களுக்கு எழுந்திருக்க அலுத்துவிட்டது!"

அந்த இன்பம் வானத்திலிருந்து விழவில்லை. வந்து உட்கார்ந்தவர்கள் வாங்கியது. எழாமல் இருந்தவர்கள் வென்றது.

இனிச் சிரிப்பு முடிந்தது.

திரும்பி வந்தோம். நவம்பரில் நம் மன்றம் ஒரு தோட்டத்தை வாடகைக்கு எடுத்து ஒன்றுகூடல் நடத்தியது. ஷார்ஜா ரோலாவில் சாப்பாட்டுக் கடைச் சுவரெல்லாம் சுவரொட்டி. 'தமிழர் அனைவரும் வருக!' என்று பெரிய எழுத்தில். 'குடும்பத்தினர் மட்டும்' என்று எறும்பளவு எழுத்தில். பெரிய எழுத்தை நம்பினார் அழகுமலை. விடுமுறை வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குக் கூட்டம்; அவரைப் பொறுத்தவரை அது கூட்டாகக் காப்பி குடிக்கிற நேரம். ரோலா பேக்கரிக்காரரிடம் விளக்கிச் சொல்லி, பிளம் துண்டுகள் பதித்து ஒரு கேக் செய்ய வைத்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு, அறைத் தோழர்கள் பழனிச்சாமியையும் சுஐபையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்தார்.

வாசலில் நம் தொண்டர் ஐயப்பன் தடுத்தார். "ஃபேமிலி எங்க?"

"ஊர்ல இருக்கு தம்பி."

"பேச்சலர் அலவ்டு இல்லண்ணே."

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்குய்யா. மூத்தவ பத்தாவது படிக்கிறா. நான் எப்படிப் பேச்சலர் ஆவேன்?"

"கூட இருந்தாத்தாண்ணே ஃபேமிலி."

கூட இருந்தால்தான் குடும்பமாம்! கேட்டீர்களா? பெண்டாட்டி பிள்ளைகளுக்காகவே பாலையில் வேகிறவனுக்கு, குடும்பமே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்! ஐயப்பன் தம்பி, பின்வரிசையில் தலையைக் குனியாதே. உன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வரியை நீ எழுதவில்லை. இங்கே மேடையில் இருக்கிறவர்கள் எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வாசலுக்குப் பத்தடி தூரத்தில் நான் நின்றேன். கையில் பிரியாணித் தட்டு. எல்லாம் என் காதில் விழுந்தது. நான் என்ன செய்தேன்? வாளெடுத்தேனா? வாயாவது திறந்தேனா? தட்டைப் பார்த்தேன். சோற்றுக்குள் முட்டை எங்கே என்று தேடுவதுபோல் கிளறிக்கொண்டிருந்தேன். அழகுமலை என்னைப் பார்த்துவிட்டார்.

"பரவால்ல சார். நீங்க சாப்பிடுங்க."

சார்! எட்டு வாரம் அண்ணனாக இருந்தவனை ஒரு நொடியில் சார் ஆக்கிவிட்டார். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கேக் பெட்டியை வாசல் மேசையில் வைத்து, "பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சாலைக்குப் போய்விட்டார்.

அகிலா என் பக்கத்தில் வந்தாள். "அது அழகுமலை அண்ணன்தானே? ஒங்களுக்கு ரசம் வச்சுக் குடுத்தவுக?"

"ஆமா."

"அப்பறம் என்ன தட்டயே பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசையிலிருந்த கேக்கை எடுத்தாள். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்தாள். வாசலைத் தாண்டினாள். சாலையோரக் கல்லில், பேருந்துக்குக் காத்திருந்த மூவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அழகுமலை பதறி எழுந்து, "வெயிலா இருக்கு தங்கச்சி, உள்ள போங்க" என்றாராம். "நீங்க வந்தா வாரேன்" என்றாளாம்.

அடுத்து எழுந்தவர் கீழக்கரை மதீனா பீவி. பிரியாணிச் சட்டியைத் தலைவர் முன்னாலிருந்தே தூக்கினார். அதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். கை தட்டுங்கள் அவருக்கு! பிறகு நளினி. பிறகு சிவரூபி. அரைமணி நேரத்தில் ஒன்பது பெண்கள், அவர்களின் பிள்ளைகள், எல்லோரும் சாலையோரத்தில். உள்ளே நம் செயற்குழு மட்டும் தோட்டத்தைக் காவல் காத்தது! கடைசியாகப் போனவன் நான். என்னைக் கண்டதும் அழகுமலை நகர்ந்து இடம் விட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கேக்கு தீந்துரும், முதல்ல எடுங்க" என்றார்.

யாரோ கேட்கிறீர்கள்... உரக்கக் கேளுங்கள். 'பெண்களின் பாதுகாப்பு?' நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை. மதீனா பீவி எழுந்து நிற்கிறார், அவரே சொல்லட்டும்... பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? நான் திருப்பிச் சொல்கிறேன். "விழாவுக்குப் பந்தலு கட்டக் கேம்பு ஆளுங்க வந்தாங்களே, அப்ப எங்க பிள்ளைகளப் பாத்துக்கிட்டது யாரு? அன்னைக்கு வராத பயம் இன்னைக்கு எங்கேருந்து வந்திச்சு?" இதுதான் அவர் கேட்டது.

நானும் கேட்கிறேன். பந்தலுக்குத் தோள் வேண்டும், தோழமைக்கு ஆள் வேண்டாமா? சென்ற ஆண்டு ஒரு பிரசவத்துக்கு இரத்தம் வேண்டும் என்று நம் செயலாளர் என்னை அழைத்தார். நான் யாரை அழைத்தேன்? வில்லாக்களையா? கேம்பை அழைத்தேன். பதினொரு பேர் டூட்டி முடிந்த உடையோடு வந்து நின்றார்கள். அந்த இரத்தத்திடம் 'ஃபேமிலி எங்கே' என்று கேட்டோமா? தாயின் உடம்புக்குள் போகலாம் அந்தக் குருதி. அவள் குழந்தை ஆடுகிற கூடத்துக்குள் வரக்கூடாதா குருதி கொடுத்தவன்?

அந்நிய நாட்டு அம்மையார் ஒருவர், தன் சுவரைத் துளைத்தவனுக்குக் கேக் கொடுத்தார். கேக் கொண்டுவந்தவனுக்கு நாம் கதவைச் சாத்தினோம்! தமிழால் இணைவோம் என்று பதாகை கட்டி, அதன் கீழேயே தடுப்புக் கட்டுகிற இந்தத் தந்திரத்துக்குப் பெயர் மன்றமா?

தலைவர் இரண்டாவது சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம் முடிந்தது.' ஆம் ஐயா, முடிந்தது. அந்த வரியின் நேரம் முடிந்தது! இன்று பொதுக்குழு. உறுப்பினனாக முன்மொழிகிறேன்: நம் விதிகளிலிருந்து 'குடும்பத்தினர் மட்டும்' என்பது நீங்க வேண்டும். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்!

தாய்மார்கள் முதலில்... இதோ, இதோ! நடுவரிசை... ஐயப்பன் தம்பி, இரண்டு கையையும் தூக்காதே, ஒன்றுதான் கணக்கு! முன்வரிசையில் மூன்று பெரியவர்கள் உயர்த்தவில்லை. உங்கள்மேல் பகையில்லை, யோசியுங்கள். தலைவர் அவர்களே, கூடமெங்கும் கைகள் காட்டு மரங்கள்போல் நிற்கின்றன. எண்ணத் தேவையில்லை என்று நீங்களே தலையசைத்துவிட்டீர்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள் செயலாளர் அவர்களே. இம்முறை பெரிய எழுத்தில்!

அழகுமலைக்கு இன்று இரண்டாம் ஷிப்ட். நாளை வெள்ளி. இரண்டு மாதமாக நாங்கள் ஐந்து குடும்பம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரோலா சதுக்கத்துப் புல்வெளியில் அவரோடு உட்காருகிறோம். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாம் கடந்துபோவோமே, அதே புல்வெளி. நாளை அங்கே போய்ச் செய்தியைச் சொல்லப் போகிறேன். உங்கள் சார்பில் சொல்லவா, அல்லது நீங்களே வந்து சொல்கிறீர்களா?

கோபத்தைப் பொறுத்த கூடத்துக்கு நன்றி. உயர்ந்த கைகளுக்கு நன்றி. என்னை முந்தி நடந்த பெண்களுக்குத் தலைதாழ்ந்த நன்றி. எல்லோர்க்கும் நல்ல மாலைப்பொழுது வாய்க்கட்டும். வணக்கம்!