கானாத்துல கவுந்த படகு

போதும் சம்பந்தியம்மா, போனை உள்ள வைங்க. திரும்பத் திரும்பக் காட்டுறீங்க. எனக்குக் கண்ணு நல்லாதான் தெரியுது. மஞ்சப் படகு, தலையில ஹெல்மெட்டு, மூஞ்சி தெரியல. மலைக் கானாத்துல தலைகீழா கவுருது, எழும்புது, கரைக்கு வருது. வெள்ளைக்காரங்க நாலு பேரு கை தட்டுறாங்க. இதுக்காகவா வேங்கிக்கால்லருந்து இந்தத் தூறல்ல ஆட்டோ புடிச்சு வந்தீங்க? காபி ஆறுது பாருங்க. சக்கரை கம்மியாதான் போட்டிருக்கேன், உங்களுக்கு சுகர்னு எம்பொண்ணு ஓவியா சொன்னா.

சரி, சொல்லுங்க. மருமகளா வரப்போறவ இப்படி டவுசர மாட்டிகினு தண்ணியில கூத்தடிச்சா கல்யாணம் நடக்காதுன்றீங்க. உங்க சொந்தக்காரங்க வாய்க்கு பதில் சொல்ல முடியல. உங்க பையன் சரவணகுமாரால ஆபீஸ்ல தலை காட்ட முடியலயாம். கேட்டுகினுதான் இருக்கேன்.

இருங்க, மோட்டாரு ஓடுது. மாடி ரூம்ல இருக்கிறவங்க டேங்க் ரொம்பி வழிஞ்சாலும் நிறுத்த மாட்டாங்க.

ஆ, நிறுத்திட்டேன். எனக்கு எல்லாத்துக்கும் பயம்தாங்க. கேஸை மூடினோமா, பீரோவைப் பூட்டினோமா, வேலைக்குப் போன பொண்ணு பஸ் ஏறிட்டாளா. ஓவியா திட்டுவா, நீ பயப்படுறதுக்கே காலையில எழுந்திருக்கிறியாம்மானு.

அந்தப் படகு இந்த வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியாதுல்ல. ஆசிரமத்துக்கு வர்றவங்களுக்கு மாடியில ரூம் வாடகைக்கு விடுறேன். அவரு போனதுக்கப்புறம் அதுதான் எங்களுக்குச் சோறு. மார்த்தானு ஒரு அம்மா, வருசா வருசம் மழைக்கு வருவாங்க, நம்மள விட வயசு ஜாஸ்தி. மத்தவங்க எல்லாம் மலை சுத்துவாங்க. இவங்க மட்டும் மழை பேஞ்சுதுனா ஜவ்வாது மலைக்கு ஓடுவாங்க. அங்க மழைக்கு மட்டும் ஓடுற கானாத்துல தண்ணி வருமே, அதுல படகு விடுறதுக்கு. ஒத்த ஆளு உக்கார்ற படகு. ஊருக்குப் போறப்போ நம்ம மாடிப்படிக்குக் கீழ போட்டுட்டுப் போவாங்க. முதல் வருசம் நான் அதுக்குள்ள வெங்காயம் கொட்டி வச்சிருந்தேன். திரும்பி வந்து பாத்துட்டு அந்தம்மா சிரிச்ச சிரிப்பு.

ஆனா அது நீங்க நினைக்கிறாப்ல கூத்து இல்லீங்க. முதல்ல ஏரியில கத்துக்கணும். கவுந்தா எப்படி எழும்புறதுனு. கவுந்தவொடனே தலை தண்ணிக்குள்ள, இடுப்பு படகுக்குள்ள மாட்டிகினு இருக்கும். எப்படா வெளிய வருவோம்னு உடம்பு துடிக்கும். துடிக்கக் கூடாது. நல்லா குனிஞ்சு படகோட ஒட்டிகினு, துடுப்பைப் பக்கவாட்டுல கொண்டாந்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டணும். தலை கடைசியிலதான் மேல வரணும். அவசரப்பட்டு தலைய முதல்ல தூக்குனா மறுபடியும் உள்ளதான். ஒரு மழைக்காலம் பூரா அந்த ஒண்ணு வரல. மூக்குல தண்ணி ஏறி, ராத்திரி படுத்தா தலகாணி நனையும்.

கானாறு அதைவிட மோசம். கரையில நிக்கிறவங்களுக்கு அது வெறும் சத்தம். உள்ள போனா ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலயும் தண்ணி சும்மா நிக்கிற இடம் ஒண்ணு இருக்கும். அங்க போய் ஒதுங்கி, மூச்சு வாங்கி, அடுத்த பாறையப் பாத்துட்டு எறங்கணும். வீடியோவுல ரெண்டு பாறை நடுவுல ஆளு உசரத்துக்குத் தண்ணி விழுதுல்ல, அங்கதான் கவுந்துச்சு. அந்த எடத்துல தலைகீழா தொங்கிகினு நிதானமா எழும்பணும்னா எவ்ளோ நெஞ்சு வேணும். சிரிச்சாங்கன்னீங்களே உங்க சொந்தம், அவங்கள வரச் சொல்லுங்க பாப்போம்.

மானமா? அதை மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. நிச்சயத்தன்னிக்கு தட்டு மாத்துறப்போ நான் எங்க இருந்தேன்? தாலி இல்லாதவ முன்னாடி வர வேணாம்னு உங்க பக்கத்துலருந்துதான் சொல்லி அனுப்புனீங்க. எங்கண்ணன் பலராமனும் அண்ணியும் நின்னு தட்டு மாத்துனாங்க. பெத்தவ சமையல் ரூம்ல பாயாசம் கிண்டிகினு இருந்தேன். வாயத் தொறக்கல. பொண்ணு நல்லா இருந்தா போதும்னு இருந்தேன். அவரு செத்ததுலருந்து எல்லா வீட்டு விசேஷத்துலயும் எனக்குக் கடைசி வரிசைதான். அந்தப் படகுல பின்னாடி சீட்டே கெடையாது, தெரியுமா?

என்னது? யாரு, ஓவியாவா?

எப்ப சொன்னா? உங்க பையன்கிட்டயா? இனிமே தண்ணி பக்கமே போக மாட்டேன், இந்த ஒரு வாட்டி மன்னிச்சுடுங்கன்னாளா? போன்ல அழுதாளா?

அப்ப நீங்க கல்யாணத்தை நிறுத்த வரல. அவ சொன்னதுக்கு மேல எங்கிட்டயும் ஒரு வார்த்தை வாங்கிட்டுப் போக வந்திருக்கீங்க.

இல்லீங்க, நான் அழுவல. கோவம் வருது. நீ வாயத் தொறக்காதம்மா, நான் பேசிக்கிறேன்னு காலையில சொல்லிட்டுப் போனா. இதைத்தான் பேசி வச்சிருக்கானு எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா, ஓவியாவுக்கு நீச்சலே தெரியாதுங்க. ஏரிக்கு வந்தாகூட கரையில என் செருப்பைக் கையில புடிச்சுகினு நிப்பா. அவ எதை விடுறது?

பேரு இருக்குதுங்க, நான் இல்லைங்கல. கரைக்கு வந்து அந்த மிதக்குற ஜாக்கெட்டைக் கழட்டுறப்போ முதுகுல ஓவியானு நல்லாவே தெரியுது. காலேஜ்ல விளையாட்டு விழாவுக்கு அடிச்சுக் குடுத்த டீ-சர்ட்டு. பழசாயிடுச்சுனு மூலையில போட்டிருந்தா. புடவையோட அந்தப் படகுல உக்கார முடியாது, அதான் எடுத்து நான் போட்டுகினேன்.

மெதுவா, மெதுவா. பொறை ஏறுது பாருங்க. இந்தாங்க தண்ணி.

ஆமாங்க. நாப்பத்தாறு வயசுல. ஏழாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க, இதையாச்சும் மார்த்தாம்மாகிட்ட முழுசா கத்துகினேன். வயசுப் பொண்ணு பண்ணதுன்னா நாலு வார்த்தை திட்டிட்டு மன்னிச்சுடுவாங்க, புருசன் இல்லாத அம்மாக்காரி பண்ணான்னா விடவே மாட்டாங்கனு நினைச்சிருக்கா. என்னைக் காப்பாத்துறாளாம். பண்ணாத தப்புக்குத் தலைய குனிஞ்சுகினே உங்க வீட்டுக்கு வந்தான்னா, கடைசி வரைக்கும் நிமிர விடுவீங்களா?

அவ குடுத்த வாக்கை நீங்க வச்சுக்க வேணாம், திருப்பிக் குடுத்துடுங்க. சரவணகுமார்கிட்ட நானே பேசுறேன். அம்மா படகு ஓட்டுறதுக்காகப் பொண்ணு வேணாம்னு அவரு சொன்னாருன்னா, அதை ஓவியா மூஞ்சியப் பாத்து அவரே சொல்லட்டும்.

எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்கல்ல. ஞாயித்துக்கெழமை மலையில நல்ல மழைன்றாங்க. நான் போறேன்.