கட்டிலின் கம்பியைக் கழற்றிய கட்டுரை

மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, எங்கள் குறும்புகளையெல்லாம் பொறுத்துக்கொண்ட அம்மையார் அவர்களே! அறுவை அரங்கில் நின்று நின்று மரத்த கால்களுக்கு இங்கே சற்று ஓய்வு கொடுத்திருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே! கண்ணில் தூக்கத்தோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் வந்து அமர்ந்திருக்கும் செவிலியத் தாய்மார்களே! மருந்தாளுநர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே! காபி ஆறிவிடுமே என்று கதவருகே காத்திருக்கும் கடைசி வரிசைக் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் இயன்முறை மருத்துவன். விழுந்தவரை எழுப்பி, எழுந்தவரை நடத்தி, நடந்தவரை வீட்டுக்கு அனுப்புவது என் தொழில். என்னைப் பிடித்து நடுவர் குழுவுக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். வந்து குவிந்த ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துப் படித்து, வீட்டில் மனைவி "உப்பு போதுமா?" என்று கேட்டதற்கு, "முடிவுரையில் தெளிவில்லை" என்று சொல்லித் தொலைத்தேன். சிரிக்கிறீர்கள்! அன்று எனக்குச் சோறு கிடைத்ததா என்று யாராவது கேட்டீர்களா?

அந்தக் குவியலில்தான் எத்தனை வெற்றிகள்! செய்தோம், சிறந்தது, கொடுத்தோம், குணமானது, தொட்டோம், துலங்கியது! அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு சுருக்கம் மட்டும் சொன்னது: "செய்தோம். பலிக்கவில்லை."

என்ன செய்தார்கள்? முதியோர் வார்டில் நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுகிறார்களே என்று, இருபுறமும் உயரமாகக் கம்பித் தடுப்பு போட்டார்கள். என்ன ஆயிற்று? கழிவறைக்குப் போக எழுந்த பெரியவர்கள் அந்தக் கம்பியின் மேலேயே ஏறினார்கள். கட்டில் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் இப்போது கம்பி உயரத்திலிருந்து விழுந்தார்கள். காயம் கூடியது. கம்பியைக் கழற்றிவிட்டுக் கட்டிலைத் தாழ்த்தினார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பியிருந்தார், அந்த வார்டின் செவிலியர் ஒருவர்.

எங்கள் குழுவில் ஒரு மூத்த மருத்துவர். "முடிவு நெகட்டிவ் சார், தள்ளிடலாம்" என்றார். நான் கேட்டேன்: "டாக்டர், போன மாசம் உங்க ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்தப்ப எங்க எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தீங்களே, அது என்ன துக்கத்துலயா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அந்தப் பொண்ணு வந்து பேசட்டும். உங்க வாய்க்கு யாரு பதில் சொல்றது!" என்றார். இதோ, முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், பயப்படாதீர்கள்.

நேற்று அந்த அமர்வுக்கும் நானே தலைவன். அமர்வுத் தலைவனுக்கு இருக்கும் ஒரே அதிகாரம், நேரம் முடிந்ததும் அடிக்கும் மேசைமணி. செவிலியர் பேசி முடித்தார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "கம்பி போடுற யோசனை யாரோடதுங்க?" என்றார்.

செவிலியர் மைக்கைப் பிடித்தபடி கீழே பார்த்தார். முதல் வரிசையில் அமர்ந்திருந்தார் அவருடைய தலைமைச் செவிலியர். யோசனை அவருடையது! சொன்னால், மேலதிகாரியைச் சபையில் காட்டிக்கொடுத்ததாகும். மறைத்தால், இவ்வளவு நேரம் பேசிய உண்மைக்கு அர்த்தமில்லாமல் போகும். மணியை அடித்தால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாரே என்று என் கை மணிக்குப் போனது. அதற்குள் தலைமைச் செவிலியரே எழுந்துவிட்டார்.

"என்னோடதுங்க. கம்பி போட்டே ஆகணும்னு அடம்பிடிச்சது நான்தான். ஒரு பெரியவருக்கு இடுப்பு உடைஞ்சுபோச்சு. அவரு மககிட்ட நானே போய்ச் சொன்னேன். அந்தம்மா என்னைத் திட்டல. 'வேற எங்கயும் இப்படிப் பண்ணிடாதீங்கன்னு சொல்லுவீங்களா?'ன்னு மட்டும் கேட்டாங்க. சொல்றேன்னு வாக்கு கொடுத்தேன். அதுக்குத்தாங்க வந்திருக்கோம்."

மெய்சிலிர்த்துப் போனேன், அன்பர்களே! வென்றதைச் சொல்ல ஆயிரம் வாய் உண்டு. தன் யோசனை தோற்றதைத் தானே எழுந்து சொல்லும் துணிவை எந்த மேடையில் கண்டோம்? எந்தச் சபையில் கேட்டோம்? எந்தப் பாடநூலில் படித்தோம்?

கைதட்டல் அடங்கும் முன்பே நடுவரிசையிலிருந்து வேறொரு மருத்துவமனையின் நிர்வாகி, கைப்பேசியோடு வாசலுக்கு ஓடினார். கதவு சாத்தவில்லை, அவர் குரல் மேடை வரைக்கும் கேட்டது. "அடுத்த வாரம் கட்டிலுக்கெல்லாம் கம்பி மாட்டுறதா இருந்துச்சே, நிறுத்துங்க! ஆமாப்பா, எல்லா வார்டுலயும். கட்டில இறக்கிப் போட முடியுமான்னு மொதல்ல பாரு."

அந்த மருத்துவமனையில் ஒரு பெரியவர் எழுந்து கழிவறைக்குப் போவார். கால் தரையைத் தொடும். திரும்பி வந்து படுத்துக்கொள்வார். விடிந்ததும் அவர் யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை. எதற்குச் சொல்வார்? அவருக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லையே! அந்த "ஒன்றும் நடக்கவில்லை"க்குத்தான், பெரியோர்களே, எங்கள் நடுவர் குழு ஒருமனதாக முதல் பரிசை வழங்குகிறது!

செவிலியரே, மேடைக்கு வாருங்கள். உங்கள் தலைமைச் செவிலியரையும் கையோடு அழைத்து வாருங்கள். வரமாட்டேன் என்று தலையாட்டாதீர்கள் அம்மா. நீங்கள் வாக்குக் கொடுத்த அந்த மகள் இதோ அரங்கத்தில்தான் இருக்கிறார். நாங்கள் அழைத்தோம், அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். பரிசை அந்தப் பெரியவர் கையால்தான் தரப்போகிறோம்.

சபையே எழுந்து நிற்கிறது. இனி நான் பேசுவது தகாது. கேட்ட செவிகளுக்கு நன்றி, எழுந்த கால்களுக்கு என் வணக்கம்!