கன்றுக்குச் சொன்ன சொல்

வாயில்லா உயிர்களின் வலியறிந்த வல்லவரே, வெயிலென்றும் மழையென்றும் பாராது மிதிவண்டியேறி மாட்டுக் கொட்டகை தேடி வந்த மாண்பாளரே, முப்பத்து மூன்று ஆண்டுகள் மருந்துப் பெட்டியைக் கையிலும் மக்கள் நலத்தை மனத்திலும் சுமந்து இன்று பணி ஓய்வு பெறும் கால்நடை மருத்துவர் தாண்டவராயன் அவர்களே, வணக்கம்.

தாங்கள் போட்ட சினை ஊசிகளையும் தடுத்து நிறுத்திய கோமாரியையும் ஊரே அறியும். ஆதலால் அவற்றை அடுக்காமல், இவ்வாண்டு தை மாதம் எங்களை வாயடைத்து நிற்க வைத்த ஒன்றை, செங்கமலம் என்ற பெண்ணின் சம்மதம் பெற்று, இந்த அவையில் சொல்கிறோம்.

ஒரகடத்தில் மண்ணாங்கட்டி என்பவரின் கிடேரிக்கு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. காளை போல முக்காரமிட்டு மற்ற பசுக்களின் மேல் தாவியது. காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி அது. தாங்கள் சோதித்துவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்:

“ஜீன்படி இது பொட்டைதான். ஆனா தாய் வயித்துல ரெண்டு கன்னோட ரத்தமும் கலந்துபோச்சு. காளைக் கன்னோட ஹார்மோன் இதோட கருப்பைய வளரவிடல. மூளையிலயும் காளைக் குணத்த ஏத்திடுச்சு. இது இனி கன்னு போடாது.”

சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

நான்காம் நாள், மறைமலை நகர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு, அதே ஊர்ச் செங்கமலம் நம் மருந்தக வாசலுக்கு வந்தாள். இருபத்தொரு வயது. வீட்டில் எல்லாரும் அழுதபோதும் அழாதவள். சைக்கிளின் கைப்பிடியை விடாமல் நின்றபடியே கேட்டாள்.

“நானும் என் தம்பியும் ரெட்டப் புள்ள சார். நீங்க சொன்னத கேட்டுட்டு மாப்ள வூட்டுல நிச்சய தட்ட திருப்பி அனுப்பிட்டாங்கோ. எனக்குப் புள்ள பொறக்காதாம். நான் சைக்கிள் மிதிக்கிறதே ஆம்பள மூளையாலதானாம். நானும் அந்தக் கன்னு மாதிரிதானா சார்?”

தங்கள் கையிலிருந்த கண்ணாடி ஊசி தரையில் விழுந்து நொறுங்கியது. தங்கள் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அப்படியானால் உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“இல்லம்மா,” என்றீர்கள். “அது மாட்டுக்குத்தான். மனுசங்க வயித்துல ரெட்டைங்க ரத்தம் அப்படிக் கலக்கறதில்ல. உன் தம்பியால உனக்கு ஒண்ணும் ஆகல.”

“அப்ப என் மூள?”

“ஹார்மோன் மனுச மூளையிலயும் வேல செய்யுது. எந்த அளவுக்குன்னு படிச்சவங்களுக்கே இன்னும் முழுசா தெரியல. ஆனா சைக்கிள் ஓட்டறதுக்குக் கத்துக்கினா போதும். தப்பு என்னோடது. மாட்டுக்கு மட்டும்தான்னு நான் அழுத்திச் சொல்லியிருக்கணும்.”

மறுநாள் தாம்பரத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, செங்கமலத்தையும் எங்களில் இருவரையும் அழைத்துக்கொண்டு படப்பையிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போனீர்கள். தெருவே கூடி நிற்க, அது மாட்டுக்கு மட்டும்தான், தவறு என்னுடையது என்று சொன்னீர்கள். மாப்பிள்ளையின் தாய் மீனம்மாள் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“டாக்டரு சொன்னாருன்னுதான் நிறுத்துனோம். இப்ப அவரே வந்து இல்லன்றாரு. சரி, தட்ட எடுத்துகினு வர்றோம்.”

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செங்கமலம் அதுவரை வாசற்படி ஏறவில்லை.

“வேணாம் அத்தை,” என்றாள். “என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கல நீங்க. இன்னிக்கி கன்னுக்குட்டி. நாளைக்கி வேற எதுனா சொல்லுவாங்கோ, அப்பவும் தட்டு திரும்பி வரும்.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கட்டி வைக்கப் போன தாங்கள் கைகட்டி நின்றீர்கள். பிறகு தாங்கள் வேகவேகமாக மிதித்து, சாலைத் திருப்பத்தில் அவளைப் பிடித்தீர்கள்.

“எம்மேல கோவமாம்மா?”

“கோவம் இல்லாம இருக்குமா சார்?” என்றாள். “ஆனா இத்தினி பேரு பேசுனாங்கோ. தப்புன்னு வந்து சொன்னது நீங்க ஒர்த்தர்தான்.”

ஆறு மாதமாகிறது. அவளுக்கு வேறு இடம் இன்னும் அமையவில்லை. ஊரில் பாதிப் பேர் இன்னும் அந்தக் கிடேரியின் கதையைத்தான் நம்புகிறார்கள். பாராட்டு மடலில் இது வேண்டாமே என்று நாங்கள் தயங்கியபோது, இதை எழுதாவிட்டால் மடலே வேண்டாம் என்றவர் தாங்கள்.

எனவே எழுதினோம். முழங்கால் நோவின்றி, கண்ணொளி குன்றாது, இல்லத்தரசியாரோடு இன்னும் பல ஆடிப் பெருக்கு கண்டு, இனிதே வாழ்க ஐயா.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் தளராத
மருந்தகப் பணியாளர்கள்
31.7.1991