ஒமாஹாவுக்கு ஒரு ஃபேக்ஸ்

வெர்னா: ஐஸ்கிரீம் கிண்ணத்தை ஃபேக்ஸ் மெஷின் மேல வைக்காதீங்க பாஸ். பல்கலைக்கழகத்தோட எதிர்காலமே இதுக்குள்ளதான் போகப்போகுதுன்னு காலையில சொன்னது நீங்கதான்.

கிரேடி: எதிர்காலம் பத்து நிமிஷம் காத்திருக்கட்டும். இது ஹக்கிள்பெர்ரிப் பழ ஐஸ்கிரீம். உருகிடும்.

வெர்னா: மணி மூணேகால்.

கிரேடி: அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கே. அந்த விதிப் புத்தகத்துல என்னதான் போட்டிருக்கு? இன்னொரு தடவை படிங்க.

வெர்னா: மூணாவது தடவை படிக்கிறேன். "சமவெளி விளையாட்டுக் கூட்டணியிலிருந்து விலக விரும்பும் பல்கலைக்கழகம், ஜூன் முப்பதாம் தேதி கூட்டணியின் ஒமாஹா அலுவலகம் மூடும் மாலை ஐந்து மணிக்குள், மையால் கையெழுத்திட்ட கடிதத்தை ஃபேக்ஸ் மூலம் சேர்ப்பிக்க வேண்டும்." மின்னஞ்சல் செல்லாதாம்.

கிரேடி: ஃபேக்ஸ்! இந்தக் காலத்துல அதை யார் வெச்சிருக்கா?

வெர்னா: நம்ம டிக்கெட் கவுன்டர்ல வெச்சிருக்கோம். அதனாலதான் விளையாட்டுத் துறை இயக்குநரும் கணக்கு அதிகாரியும் இந்தப் பொந்துக்குள்ள வேர்த்து வழிஞ்சுகிட்டு உட்கார்ந்திருக்கோம்.

கிரேடி: தவறிட்டா?

வெர்னா: விலகல் அபராதம் ரெண்டு மடங்கு. கிழக்குக் கடற்கரைக் கூட்டணி நமக்குக் குடுத்த அழைப்பும் இன்னையோட காலி. கதை முடிஞ்சது.

கிரேடி: முடியக்கூடாது. பல்கலைக்கழகத் தலைவர் மத்தியானம் கடிதத்துல கையெழுத்துப் போடும்போது என்ன சொன்னார் கேட்டீங்கல்ல? "நம்ம பிட்டர் க்ரீக் இனிமே பெரிய மேஜையில உட்காரும்."

வெர்னா: சொல்லிட்டு அவர் படகுல உட்காரப் போயிட்டாரு. ஜூலை நாலு சுதந்திர தினம் முடியுற வரைக்கும் ஏரியிலதான். அங்க போன் எடுக்காது.

கிரேடி: சரி, போடுங்க மெஷினை.

வெர்னா: போடுறேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நம்ம வாலிபால் பொண்ணுங்க செவ்வாய்க்கிழமை ராத்திரி வட கரோலினாவுல ஆடிட்டு, புதன்கிழமை காலையில வேதியியல் பரீட்சைக்கு எப்படி வருவாங்க?

கிரேடி: ப்ளேன்ல.

வெர்னா: அங்கிருந்து இங்க மொன்டானாவுக்கா? மூணு ப்ளேன் மாறணும் பாஸ். டென்வர்ல பனி கொட்டினா பரீட்சையை விமான நிலையத்துலதான் எழுதணும்.

கிரேடி: தனி விமானம் பிடிப்போம்.

வெர்னா: பிடிக்கலாம். அந்தச் செலவையும் போட்டுத்தான் பதினோராம் பக்கத்துல எழுதியிருக்கேன்.

கிரேடி: நீங்க குடுத்த அறிக்கையிலயா?

வெர்னா: ஆமா. படிச்சீங்களா?

கிரேடி: ...முதல் பக்கம் பிரமாதம்.

வெர்னா: முதல் பக்கத்துல தலைவர் போட்டோ.

கிரேடி: அதைத்தான் சொல்றேன். சரி, பதினோராம் பக்கத்துல என்ன?

வெர்னா: டிவிக்காரன் பணத்துல இப்போ நம்ம பங்கு வருஷத்துக்கு அம்பது லட்சம் டாலர். அங்க ரெண்டு கோடி.

கிரேடி: பாத்தீங்களா!

வெர்னா: இருங்க. புதுசா வர்றவங்களுக்கு முதல் அஞ்சு வருஷம் அதுல பாதிகூட இல்லை... எழுபது லட்சம்தான்.

கிரேடி: அதுவும் இருபது லட்சம் கூடுதல்தானே?

வெர்னா: பயணச் செலவு நாப்பத்தஞ்சு லட்சம் கூடுதல்.

கிரேடி: ...ஸ்பூன் எங்க?

வெர்னா: உங்க கையில. அதனாலதான் மல்யுத்தம், நீச்சல், பெண்கள் டென்னிஸ், மூணு டீமையும் மூடுறோம். அதுல முப்பது லட்சம் மிச்சம். ஆக, வருஷத்துக்கு அஞ்சு லட்சம் லாபம்.

கிரேடி: லாபம் லாபம்தான் வெர்னா.

வெர்னா: விலகல் அபராதம் ஒரு கோடியே இருபது லட்சம். கடன் வாங்கித்தான் கட்டணும். அதுக்கு வட்டி வருஷம் ஆறு லட்சம்.

கிரேடி: அப்போ...

வெர்னா: அப்போ மூணு டீமைக் கொன்னு, எழுபத்தோரு பிள்ளைங்களை நடுத்தெருவுல விட்டுட்டு, வருஷா வருஷம் ஒரு லட்சம் நஷ்டப்படுறோம். பெரிய மேஜையில உட்கார.

கிரேடி: இதை முதல் பக்கத்துல போட்டிருக்கலாமே?

வெர்னா: போட்டோவுக்கு இடம் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க.

கிரேடி: ம்... மணி என்ன?

வெர்னா: மூணு நாப்பத்தஞ்சு. சரி, குடுங்க கடிதத்தை. முடிச்சுட்டுப் போவோம். உங்களுக்கும் போனஸ் இருக்கே, இந்த மாற்றம் நடந்தா ரெண்டு லட்சம் டாலர்?

கிரேடி: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வெர்னா: அந்தச் செக்கை எழுதப்போறதே நான்தானே! படகு வாங்குவீங்களா? தலைவருக்குத் துணையா மீன் பிடிக்கலாம்.

கிரேடி: கேலி பண்ணாதீங்க. சமையலறையை மாத்திக் கட்டலாம்னு இருந்தோம். என் பொண்டாட்டி தரைக்குக் கல்லே பாத்து வெச்சுட்டா.

வெர்னா: என்ன கலர்?

கிரேடி: சாம்பல் கலர். வெர்னா, மெஷினைப் போடுங்க.

வெர்னா: சாட்சிப் பக்கத்துல நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போட்டாச்சு. உங்க முறை.

கிரேடி: இதோ... அடடா.

வெர்னா: என்ன?

கிரேடி: தேதி போடுற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்.

வெர்னா: பரவாயில்லை, வேற பக்கம் அடிச்சுக்கலாம். மாடிக்குப் போய் எடுத்துட்டு வர்றேன்.

கிரேடி: மெதுவாப் போங்க, உங்க முட்டி வேற வலிக்குதுன்னீங்க. ஒண்ணும் அவசரமில்லை.

வெர்னா: ...வந்துட்டேன். பிரிண்டர்ல பேப்பர் சிக்கிடுச்சு. இந்தாங்க. இந்தத் தடவை கோட்டைப் பாத்துப் போடுங்க.

கிரேடி: பேனா எழுதல.

வெர்னா: மூடியைக் கழட்டினா எழுதும்.

கிரேடி: ஆங். போட்டாச்சு. வெர்னா... நேத்து நீச்சல் குளத்துப் பக்கம் போனேன்.

வெர்னா: எதுக்கு?

கிரேடி: சும்மாதான். அந்த உயரமான பொண்ணு, அனிகா, அவ குளத்துல இருந்து எட்டிப் பாத்து, "சார், அடுத்த வருஷம் போட்டி அட்டவணை எப்போ வரும்?"னு கேட்டா. "சீக்கிரம் வரும்"னு சொன்னேன். முகத்தைப் பாத்துப் பொய் சொன்னேன். ஜூலை நாலு கழியுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு தலைவர் உத்தரவு. காருக்குள்ள போய் உட்கார்ந்தேன்... சாவியைத் திருப்பவே கை வரல. வெக்கமா இருந்தது.

வெர்னா: எனக்கும்தான். மல்யுத்தக் கோச் பதினெட்டு வருஷமா என் கண் முன்னாடி இருக்காரு. புது விரிப்பு வாங்கப் பணம் கேட்டு எழுதியிருந்தாரு. "பரிசீலனையில் உள்ளது"ன்னு பதில் போட்டேன். அந்த ரெண்டு வார்த்தையை அடிக்க அரை மணி நேரம் ஆச்சு.

கிரேடி: சரி... நம்ம கையில என்ன இருக்கு? சொன்னதைச் செய்யிறவங்கதானே நாம.

வெர்னா: ஆமா. சொன்னதைச் செய்யிறவங்க. மணி நாலு இருபத்தஞ்சு. அனுப்பிடவா?

கிரேடி: அனுப்புங்க. அஞ்சுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல இருக்கு.

வெர்னா: தாராளமா இருக்கு... போகுது பாருங்க. முதல் பக்கம்... ரெண்டாவது... போயிடுச்சு.

கிரேடி: அவ்வளவுதானா? ஏதாவது சத்தம் வரும்னு நெனச்சேன்.

வெர்னா: போன் அடிக்குது. இருங்க... ஹலோ? ஆமா, பிட்டர் க்ரீக்தான்... கிடைச்சிடுச்சா, நல்லது... என்னது?... ஓ... அப்படியா... சரிம்மா. நல்லா கொண்டாடுங்க ஜூலை நாலை. வெக்கிறேன்.

கிரேடி: யாரு?

வெர்னா: ஒமாஹா ஆபீஸ்.

கிரேடி: என்னவாம்?

வெர்னா: அங்க மணி அஞ்சு இருபத்தாறாம். நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுதாம் அவங்க கடிகாரம். ஆபீஸ் அஞ்சு மணிக்கே மூடியாச்சு. விதிப்படி கடிதத்தை ஏத்துக்க முடியாதாம். அந்தப் பொண்ணு கைப்பையை மறந்துட்டு எடுக்க வந்தப்பதான் மெஷின் ஓடினதைப் பாத்துச்சாம்.

கிரேடி: ஐயய்யோ!

வெர்னா: ஐயய்யோதான்!

கிரேடி: நேர வித்தியாசம்! ரெண்டு பேருக்குமே தோணலையே!

வெர்னா: தோணவே இல்லை பாருங்க!

கிரேடி: தலைவர் நம்ம தோலை உரிச்சுடுவாரே!

வெர்னா: அவர் கரைக்கு வர இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள தோலைக் கெட்டிப்படுத்திக்கலாம்.

கிரேடி: உங்களை இழுக்க மாட்டேன். தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துடுறேன்.

வெர்னா: சாட்சிப் பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. தனியாப் போய் நல்ல பேர் வாங்கப் பாக்காதீங்க.

கிரேடி: வேலை போனாலும் போகும் வெர்னா.

வெர்னா: போகட்டும். பதினோராம் பக்கத்தை நிர்வாகக் குழுவுல நானே நின்னு படிக்கிறேன். ஒரு லட்சம் நஷ்டத்தை ஏன் தடுத்தேன்னு எவன் கேக்குறான் பாப்போம்... அதாவது, ஏன் தவறவிட்டேன்னு.

கிரேடி: தடுத்தேன்னு சொன்னீங்க.

வெர்னா: வாய் தவறிடுச்சு.

கிரேடி: சாம்பல் கலர் தரைக்கு நான் வீட்ல என்ன பதில் சொல்றது?

வெர்னா: மல்யுத்தக் கோச்சை அனுப்புறேன். பழைய விரிப்பு தருவாரு, சமையலறையில போட்டுக்கோங்க.

கிரேடி: சிரிக்காதீங்க... எனக்கும் வருது. வெர்னா, உண்மையைச் சொல்லுங்க. இருபது வருஷமா ஒமாஹாவோட போன்ல பேசுறீங்க. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு நிஜமாவே மறந்துபோச்சா?

வெர்னா: வயசாகுதில்ல பாஸ்... சுத்தமா மறந்துட்டேன். நீங்க?

கிரேடி: நானும்தான். அவ்வளவு மறதி, காலையில நானே ஒமாஹாவுக்குப் போன் போட்டு, எங்க ஊர் நேரப்படி எத்தனை மணிக்குக் கதவை அடைப்பீங்கன்னு விசாரிச்சேன். அந்தப் பொண்ணு சிரிக்குது: "என்ன சார், இப்பதான் உங்க ஆபீஸ்ல இருந்து வெர்னா அம்மா இதையே கேட்டு, ரெண்டு தடவை உறுதிப்படுத்திக்கிட்டு வெச்சாங்க!"