ஊதுபத்தி வைத்துப் பார்த்த வீடு

மைசூரில் டிசம்பர் குளிரை யாரும் லட்சியம் செய்வதில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஸ்வெட்டர் வாங்குவார்கள், கதவுக்கு அடியில் இருக்கும் இரண்டு விரல் இடுக்கை அடைக்க மாட்டார்கள். நான் ரயில்வேயில் ஏசி பெட்டிகளைப் பராமரித்தே ரிடையர் ஆனவன். எங்கே காற்று புகுந்தாலும் கண்ணை உறுத்தும். ஊதுபத்தியை ஏற்றி ஜன்னல் ஓரமாக நகர்த்துவேன். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. வைத்யநாதன் கை பட்டால் வீடு கதகதப்பாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

சுஷ்மா என் ஒரே பெண். குவெம்புநகரில் சுதர்ஷனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மின்சார கீஸர் போடுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். கரண்ட் பில் ஏறும் என்று அவர் காஸ் கீஸரை வாங்கிக் குளியலறைக்குள்ளேயே மாட்டினார். ஒரு காலை குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. மாப்பிள்ளை அப்போது பெங்களூரில் இருந்தார். நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். கதவை உடைத்தது நான். காஸ் எரிந்த நச்சுக்காற்று வெளியே போக வழியில்லை, அதற்கு வாசனையும் கிடையாது என்றார் டாக்டர். விபத்து என்று முடித்தார்கள்.

சுஷ்மாவின் முதல் வருஷத் திதி, வருஷாப்திகம் ஆனதும் சுதர்ஷன் ஸ்மிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் வழக்கத்தில் இளையாளை மூத்தாளின் பெற்றோர் தங்கள் பெண்ணாகவே வைத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி உயிரோடு இல்லை. நான் ஒருவனாகவே புடவை வைத்துக் கொடுத்தேன். ஸ்மிதா என்னை அப்பா என்றே கூப்பிட்டாள்.

போன மாதம் விஜயநகரில் புது வீட்டுக்குப் போனார்கள். குளியலறையை எட்டிப் பார்த்தேன். சுவரில் அதே காஸ் கீஸர்.

“பழசையே மாட்டிட்டேளா?” என்றேன்.

“நன்னாத்தானே எரியறது மாமா. சும்மா எதுக்கு வேஸ்ட் பண்ணணும்? வென்டிலேட்டர் பெரிசா வெச்சிருக்கேன், பயமில்லே.”

என் பெண்ணைக் கொன்ற பெட்டியைத் தூசி துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறார். அந்தக் கதவை ஒரு தடவை இவரும் உடைத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஸ்மிதாவே வந்து தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். “அப்பா, பாத்ரூம்ல தும்ப குளிர்றது. ஏதாவது பண்ணித் தாங்கோளேன்.”

தேவராஜ மொஹல்லாவில் அக்ரிலிக் ஷீட்டும் சிலிக்கோன் பசையும் ரப்பர் பட்டையும் வாங்கினேன். சுதர்ஷன் ஆபீஸ் போன பிறகு வென்டிலேட்டரை மூடினேன். வெளிச்சம் வரும், காற்று வராது. கதவடியில் பட்டை ஒட்டினேன். ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். புகை நேராக மேலே போயிற்று. ஸ்மிதா சந்தோஷப்பட்டு காபி கலந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் சுதர்ஷன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். அன்றைக்குத்தான் எங்கள் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். வெந்நீர் நிறைய வேண்டும், நேரமும் ஆகும். “அவசரப்படாம குளிம்மா,” என்று நானே எண்ணெயைச் சுடவைத்துக் கொடுத்தேன்.

ஹாலில் பேப்பர் படித்தேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“ரொம்ப நேரமாறதே மாமா,” என்று சுதர்ஷன் எழுந்தார்.

“தலையில எண்ணெய் போக வேண்டாமா?” என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவர்தான் கதவை உடைத்தார். அவர் அலறியதைக் கேட்டேன். நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைக்கவில்லை. ஸ்மிதா நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

பழைய கேஸ் போட்டோவைக் காட்டுகிறீர்கள். குவெம்புநகர் வென்டிலேட்டரிலும் இதே மாதிரி ஷீட் ஒட்டியிருக்கிறதே, யார் வேலை என்கிறீர்கள். அதுவும் நான்தான். முந்தின நாள் சாயங்காலம் ஒட்டினேன். அப்பா, குளிர்றது என்றாள் சுஷ்மா. என் பெண்ணின் சௌகரியத்துக்காகச் செய்தது சார் அது. கீஸரை வாங்கினவர் அவர்தானே.